மதுரை வீட்டில் ஜப்பானிய மெருகுப் பலகையைப் பேணும் முறை

காரைக்குடிப் பழம்பொருள் கடையிலிருந்தோ குடும்பச் சொத்தாகவோ, சிப்பியும் தந்தமும் பதித்த ஜப்பானியக் கருமெருகுப் பலகை ஒன்று கைக்கு வந்தால், அதன் பூச்சு நம் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் அரக்கு அன்று, உருஷி மரத்தின் பால் காற்றின் ஈரத்தில் இறுகி உருவானது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பாலிஷ் போடுபவரிடம் அதை ஒப்படைக்கவே கூடாது. செட்டிநாட்டு வீடுகளில் காணப்படும் பர்மியக் கருமெருகுப் பாத்திரங்களும் மரப்பாலால் ஆனவையே. அவற்றுக்கும் இதே கவனம் தேவை.

மெய்ஜி காலத்தில் (1868–1912) மேல்நாட்டுச் சந்தைக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட ஷிபயாமா வகைப் பலகைகளில் பூவும் பறவையும் தளத்தைவிட்டு மேலெழும்பி நிற்கும். ஆகவே துணியின் நூல் அவற்றில் சிக்கி இதழையோ அலகையோ பெயர்த்துவிடும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பார்த்தால், தூக்கிக்கொண்டிருக்கும் துண்டுகள் தம் நிழலால் தெரிந்துவிடும். அவ்விடங்களை விட்டு, மற்ற இடங்களில் மட்டும் மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டலாம். பல்லாண்டு வெயில் பட்ட உருஷியில் வெறும் தண்ணீரே கறையாகும், துண்டுகளை ஒட்டிய விலங்குப் பசையும் ஈரத்தில் இளகும் என்பதால், ஈரத்துணி, தேங்காய் எண்ணெய், மெழுகு எதுவும் வேண்டா. ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு வைப்பவர்கள் இந்தப் பலகையை மட்டும் விட்டுவிடுவது நல்லது.

பெரும் பகை காற்றின் ஈரப்பதத்தில் நேரும் ஏற்ற இறக்கம்தான். சித்திரை, வைகாசி வெக்கையில் மரம் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். அதன்மேல் பதித்த சிப்பியோ அவ்வாறு அசையாததால் பசை விட்டுப்போகிறது. இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை இந்த அசைவை நாள்தோறும் நிகழ்த்துவதால், அதைவிட ஏசி இல்லாத நடு அறையே மேல். வெளிச்சுவரையும் பூஜை விளக்கையும் விட்டு விலக்கி, வெயில் படாமல், ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காட்டை ஒட்டி நிலையாக இருக்கும்படி வைக்க வேண்டும்.

வாங்குவதாயின், வெண்துண்டுகளை உருப்பெருக்கியால் பாருங்கள்: எலும்பில் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரியும், தந்தத்தில் தெரியா. யானைத் தந்த வணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி தடைசெய்யப்பட்டது. பொருளின் பழமை அதற்கு விலக்காகாது.

துண்டு கழன்று விழுந்தால், நொடியில் ஒட்டும் பசையைத் தொடாமல், விழுந்த இடத்தைப் படமெடுத்து, துண்டைக் காகித உறையிலிட்டு, இடத்தைக் குறித்து, பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர் வரும்வரை பலகையைப் படுக்கைவசமாக வைத்திருங்கள்.