இரவில் சட்டை நனைய வியர்க்கிறதா?

புழுக்கமே இல்லாத இரவிலும் சட்டை, தலையணை உறை மாற்றுமளவு வியர்த்தால் அசட்டையாக விடாதீர்கள். கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். பலர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் கிருமி தெரியாமல் போகும். ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளிதான் வேண்டும்.

கழுத்திலோ அக்குளிலோ வலியில்லாத கட்டி இருந்தால் நிணநீர்ப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள் வியர்த்து விழித்ததும் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்கவும். இது அடிக்கடி நடந்தால் இரவு மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.