போன் நம்பர் பாதியில் நழுவுகிறதா? நினைவு வீச்சை அளப்பது எப்படி, அதற்குள் நிறைய அடக்குவது எப்படி

ஒரே ஒரு தடவை கேட்டதை வரிசை மாறாமல் திருப்பிச் சொல்ல முடிகிற அளவுக்குப் பெயர்தான் நினைவு வீச்சு. போன வருஷ தீபாவளி ஞாபகம் இருக்கிறதா என்பது வேறு சங்கதி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதை அளக்க ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம், பர்ஸில் நாலைந்து பத்து ரூபாய் நோட்டு இருந்தால் போதும்.

ஒவ்வொரு நோட்டின் நம்பரிலும் எழுத்துகளுக்கு அப்புறம் ஆறு இலக்கம் இருக்கும். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் நாலு இலக்கம், பிறகு ஐந்து, ஆறு என்று ஏற்றிக்கொண்டே போகட்டும், ஆறுக்கு மேல் போனால் அடுத்த நோட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். விநாடிக்கு ஒரு இலக்கம், ராகம் போடாமல், நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். போன் நம்பர் சொல்லிப் பழகிய வாய், தன்னை அறியாமல் இடையிடையே நிறுத்திவிடும், கேட்பவருக்கு அது ஓசியில் கிடைக்கிற உதவி. ஒரு நீளத்துக்கு இரண்டு வாய்ப்பு, இரண்டும் தப்பினால் அதோடு சரி. கடைசியாகச் சரியாக வந்த நீளம்தான் உங்கள் வீச்சு. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் நிற்கும். 1887ல் லண்டனில் ஜோசப் ஜேக்கப்ஸ் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பார்த்ததும் கிட்டத்தட்ட இதே சோதனைதான். தலைகீழாகச் சொல்லச் சொன்னால் ஒன்றிரண்டு குறையும், பயப்படாதீர்கள், பொதுவாக எல்லோருக்கும் அப்படித்தான்.

சரி, ஏழுதான் வருகிறது, போன் நம்பரோ பத்து இலக்கம். என்ன பண்ணுவது?

ஏழு, கூடக் குறைய இரண்டு என்று 1956ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதியது ரொம்பப் பிரபலம். அந்தக் கட்டுரையில் ஏழை விட முக்கியமானது, மனசு இலக்கங்களை எண்ணுவதில்லை, கொத்துகளைத்தான் எண்ணுகிறது என்பது. சென்னை தண்டையார்பேட்டைக்காரரிடம் அவர் ஏரியா பின்கோடு 600081 என்று சொல்லிப் பாருங்கள். 600 அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், 81 தினமும் கண்ணில் படுவது, ஆக மொத்தமே ஒரு கொத்து. ஊருக்குப் புதுசாக வந்தவருக்கு அது ஆறு தனித்தனி இலக்கம். கொத்தாக்க வழி விடாமல் பார்த்தால் மனசு பிடிப்பது நாலு வாக்கில்தான் என்று 2001ல் நெல்சன் கோவன் எழுதினார். அதனால் பத்து இலக்கத்தை மூன்று, மூன்று, நான்கு என்று வெட்டுங்கள். நம்மூரில் ஐந்தைந்தாகச் சொல்கிறவர்கள் அதிகம், எனக்கு அது பிடிக்காது. ஆனால் எதிரில் இருப்பவர் ஐந்தாகச் சொல்லும்போது நீங்கள் மனசுக்குள் மூன்றாக வெட்டிக்கொண்டிருந்தால் இரண்டுமே கெட்டுப்போகும். "மூணு மூணா சொல்லுண்ணா" என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது நாக்கு. சுமார் இரண்டு விநாடிக்குள் சொல்லி முடிக்க முடிகிற அளவுதான் தங்கும் என்று 1975ல் ஆலன் பேடலியும் கூட்டாளிகளும் காட்டினார்கள். நீள வார்த்தை என்றால் கொஞ்சம்தான் நிற்கும். ஆகவே 'இரண்டு, நான்கு' என்று இழுக்காமல் ரெண்டு, நாலு என்று வேகமாக முணுமுணுங்கள். ஆங்கில இலக்கங்கள் இன்னும் குட்டை, ஆனால் போனில் ஃபைவும் நைனும் ஒரே மாதிரி காதில் விழும், அந்த இரண்டை மட்டும் அஞ்சு, ஒம்போது என்று மாற்றிச் சொல்லுங்கள்.

சத்தம்? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையாக நிற்கிற கன்டெய்னர் லாரிகளின் உறுமலை விட, டீக்கடையில் ஓடுகிற எஃப்எம் பாட்டும் பேச்சும்தான் அதிகம் கெடுக்கும். 1976ல் நடந்த ஒரு சோதனையில், புரியாத ஜெர்மன் பேச்சு பின்னால் ஓடினாலே மாணவர்களின் ஞாபகம் தடுமாறியது. ஓடிபி வந்தால் கடையை விட்டு நாலடி தள்ளி நின்று படியுங்கள். படித்ததும் அடித்துவிடுங்கள், நடுவில் "சில்லறை எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லாதீர்கள். பீட்டர்சன் தம்பதியின் 1959 சோதனையில் வெறும் மூன்று எழுத்தைக் கொடுத்து, மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள், 18 விநாடியில் அநேகமாக எல்லாம் போய்விட்டது.

தூக்கம் கெட்டிருந்தாலும் மனசில் கவலை ஓடினாலும் வீச்சு சுருங்கும், அந்த நேரத்தில் சோதனை பண்ணாதீர்கள்.

பேப்பர் இல்லாமல் ஆர்டர் எடுப்பவர்கள் சாயங்காலம் சென்னை பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கிற கடையில் பத்து நிமிஷம் நின்று பார்க்கலாம். ஒரு அத்தோ காரம் தூக்கலா, ஒண்ணு வெங்காயம் கம்மியா, ஒரு மோய்ங்கா, முட்டை மசாலா ரெண்டு என்று நாலு பேர் ஒரே மூச்சில் சொல்வார்கள். நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாம் சேர்ந்த சாதா அத்தோ கடைக்காரருக்கு ஒரே கொத்து, அதை அவர் நினைவில் வைக்க வேண்டியதே இல்லை. வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்: காரம், வெங்காயம். கேட்கக் கேட்கத் தட்டுகளைப் பரப்பிவிட்டால் எத்தனை பேர் என்பதைத் தட்டுகளே சொல்லிவிடும், அந்தப் பாரமும் இறங்கியது. உங்கள் தொழிலிலும் வழக்கமானது எது என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டு, மாறுவதை மட்டும் வாயில் வைத்திருங்கள்.

பயிற்சி செய்தால் வீச்சு வளருமா? அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் சுமார் 230 மணி நேரம் பழகி 7 இலக்கத்திலிருந்து 79க்குப் போனார், 1980ல் அது வெளியானது. அவர் ஓட்டக்காரர், இலக்கங்களைப் பந்தய நேரங்களாக மாற்றிக் கொத்தாக்கினார். எழுத்துகளைக் கொடுத்ததும் பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். ஞாபகசக்தி ஆப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை யோசித்துப் பாருங்கள்.

சின்னப் பிள்ளைகளின் வீச்சு சின்னதுதான், நாலைந்து வயசில் நாலு இலக்கம் வந்தாலே நல்லது, பதின்வயது வரை அது மெல்ல வளரும். அண்ணாச்சி கடைக்கு அனுப்பும்போது "கால் கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் நல்லெண்ணெய், அப்படியே கொத்தமல்லியும்" என்று அடுக்கிவிட்டு, மறந்து வந்தால் திட்டுவது அநியாயம். இரண்டு சாமான் சொல்லி, வாசலிலேயே ஒருமுறை திருப்பிச் சொல்ல வையுங்கள். மூன்றாவது இருந்தால் சீட்டு.