தமிழ்த் தளத்தில் ஆட்சென்ஸ் விளம்பரம்: விண்ணப்பம் முதல் வங்கிக் கணக்கு வரை

கூகுள் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் தொடங்கிய ஆட்சென்ஸ் திட்டத்தால், சிறிய தளம் நடத்துபவர் விளம்பரதாரரைத் தாமே தேடி அலைய வேண்டிய தேவை நீங்கியது. பக்கத்தில் ஒரு சிறு நிரல்துண்டைச் சேர்த்துவிட்டால், அந்தப் பக்கத்தின் பொருளுக்கும் படிப்பவரின் ஊருக்கும் ஆர்வத்துக்கும் ஏற்ற எழுத்து விளம்பரமோ பட விளம்பரமோ விளம்பரதாரர்களிடையே நடக்கும் ஏலத்தில் தேர்வாகி அந்த இடத்தில் தோன்றும். தமிழுக்கு இத்திட்டம் முறைப்படி வந்தது 2018 பிப்ரவரியில்தான். ஆங்கிலத் தளங்களுக்கு எழுதப்பட்ட அறிவுரைகளே தமிழிலும் சுற்றி வருவதால், தமிழ்த் தளம் நடத்துபவர் தனியாகக் கவனிக்க வேண்டியவற்றைச் சேர்த்து இங்கே தருகிறேன்.

விண்ணப்பிப்பதற்கு முன் வருமானக் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. பக்கத்தில் இடம்பெறும் விளம்பரங்களுக்கு விளம்பரதாரர் செலவிடும் தொகையில் ஏறத்தாழ 68 விழுக்காடு தள உரிமையாளருக்கு வந்து சேர்கிறது. முன்பு பெரும்பாலும் கிளிக்கை வைத்துக் கணக்கிடப்பட்ட இத்தொகை, 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மாற்றத்துக்குப் பிறகு, விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு கிடைத்தது என்பதை ஆட்சென்ஸ் அறிக்கையில் ஆர்.பி.எம். என்ற தலைப்பின் கீழ் காணலாம். உங்கள் ஆர்.பி.எம். அரை டாலர் என்று வைத்துக்கொண்டால், 100 டாலர் சேர 2,00,000 பக்கப் பார்வைகள் வேண்டும். அதே கட்டுரையைச் சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் தமிழர் படித்தால் அந்நாட்டு விளம்பரதாரர் ஏலத்தில் கேட்கும் விலை பொதுவாக உயர்வாக இருக்கும் என்பதால், இந்தத் தேவை வெகுவாகக் குறையும். கடன், காப்பீடு, உயர்கல்வி போன்ற பொருள்களுக்கு விலை கூடுதல். திரைச் செய்திக்குக் கூட்டம் வரும், விலை வராது.

ஆகவே, எந்தப் பக்கங்களை எழுதுவது என்பதே இதில் பெரும்பகுதி வேலை. பட்டா பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பது, பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழையைத் திருத்துவது, வீடு வாங்கியவர் மின் இணைப்பைத் தம் பெயருக்கு மாற்றுவது, தென்னையில் குரும்பை உதிர்வதைத் தடுப்பது போன்றவற்றை ஆண்டு முழுவதும் யாரேனும் ஒருவர் தேடிக்கொண்டே இருக்கிறார். தேவையான ஆவணங்கள், கட்டணம், அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்விகள் ஆகியவற்றைச் சரியாக எழுதி, விதி மாறும்போதெல்லாம் திருத்தி வைத்தால், அத்தகைய ஒரு பக்கம் பல ஆண்டுகள் வருமானம் தரும். அன்றாடச் செய்தியை மறுபதிவு செய்யும் தளம் நாள்தோறும் உழைத்தாலும் நேற்றைய பக்கங்களால் அதற்குப் பயனில்லை. ஒருவரே நடத்தும் தளத்துக்குச் செய்தி ஏற்ற துறையன்று என்பது என் கருத்து.

விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராகவும் தளம் அவருடைய கட்டுப்பாட்டில் இருப்பதாகவும் இருக்க வேண்டும். கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் உள்ள தளத்தை வைத்தும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், சொந்த டொமைன் (தளத்துக்கான இணைய முகவரி) இருந்தால் பின்னால் வேறு இடத்துக்கு மாறுவது எளிது. குறைந்தது 30 கட்டுரைகள் வேண்டும், 50 வேண்டும் என்று யூடியூப் காணொளிகளில் அடித்துச் சொல்வார்கள். கூகுளின் விதிகளில் அப்படி எந்த எண்ணும் இல்லை. மதிப்புக் குறைந்த உள்ளடக்கம் என்ற காரணத்துடன் மறுப்பு வந்தால், வேறு தளத்திலிருந்து எடுத்தவற்றையும் நான்கு வரியில் முடிந்துபோன பதிவுகளையும் நீக்கிவிட்டு, தொடர்புப் பக்கமும் குக்கீ (வாசகரின் உலாவியில் தளம் சேமிக்கும் சிறு தகவல்) பற்றிய விளக்கம் அடங்கிய தனியுரிமைக் கொள்கையும் இருப்பதை உறுதி செய்துகொண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பதால், முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது என்று வேறொரு மின்னஞ்சலில் புதுக் கணக்குத் தொடங்கக் கூடாது.

கணக்கில் தரும் பெயர் நம்மவர்களுக்கே உரிய சிக்கல். வங்கிப் பாஸ்புக்கில் தலைப்பெழுத்துடன் ஒரு விதமாகவும், பான் அட்டையில் தந்தை பெயர் விரிவாக எழுதப்பட்டு வேறு விதமாகவும், ஆதாரில் மூன்றாவது விதமாகவும் பெயர் இருப்பது தமிழ்நாட்டில் சாதாரணம். ஆட்சென்ஸில் பணம் பெறுபவர் பெயர் வங்கிக் கணக்கிலுள்ள பெயருடன் பொருந்த வேண்டும். அடையாளச் சரிபார்ப்பில் அதே பெயர் அரசு அட்டையுடனும் ஒப்பிடப்படும். இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது.

அனுமதி கிடைத்ததும், ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (ads.txt) என்ற, உங்கள் விளம்பர இடத்தை விற்க யாருக்கு அனுமதி உண்டு என்று காட்டும் சிறு கோப்பில், ஆட்சென்ஸ் கணக்கு தரும் உங்கள் பதிப்பாளர் எண் அடங்கிய வரியை எழுதி டொமைனின் வேர் அடைவில் (தளக் கோப்புகளின் முதன்மை அடைவில்) வைக்க வேண்டும். பிளாக்கரில் இதற்கு அமைப்புப் பகுதியிலேயே இடம் உண்டு. அடுத்தது விளம்பரம் அமரும் இடம். கூகுளே இடம் தேர்ந்து விளம்பரம் வைக்கும் தானியங்கி வசதியை முழுமையாகத் திறந்துவிட்டால் கட்டுரையின் வரிகளுக்கிடையே தேவைக்கு மேல் பெட்டிகள் முளைக்கும். எண்ணிக்கையைக் குறைத்து வைப்பதோ, கையால் இடம் குறிப்பதோ மேல். தமிழ் வாசகரில் பெரும்பாலோர் கைப்பேசியில் படிப்பவர்கள் என்பதால், அளவை அந்தத் திரையில்தான் பார்க்க வேண்டும். 360 பிக்சல் அகலமுள்ள திரையில் இருபுறமும் 16 பிக்சல் ஓரம் விட்டால் மீதி 328தான். அங்கே 336×280 பெட்டி வெளியே துருத்திக்கொள்ளும், 300×250 பெட்டி சரியாக அமரும். முதல் பெட்டியைத் தலைப்புக்கு அடியிலேயே வைக்காமல், வாசகர் கேள்விக்கான விடை தொடங்கிவிட்ட இரண்டாம் அல்லது மூன்றாம் பத்திக்குப் பின் வைத்தால், அவர் அதைத் தாண்டியும் படிப்பார். அந்தப் பெட்டிக்கான உயரத்தை வடிவமைப்பு நிரலில் முன்கூட்டியே ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரம் தாமதமாக வந்து, படித்துக்கொண்டிருந்த வரியைக் கீழே தள்ளிவிடும். இவ்வாறு பக்கம் குதிப்பதைக் கூகுள் தேடல் பக்கத் தரத்தின் அளவுகோல்களில் ஒன்றாகவும் வைத்திருக்கிறது. படிவத்தைத் தரவிறக்கும் பொத்தானை ஒட்டி விளம்பரம் வைப்பதை அறவே தவிர்க்கவும். தவறுதலாக விழும் கிளிக்குகளால் ஆதாயம் இல்லை, விதிமீறல் குற்றச்சாட்டுதான் வரும்.

தம் விளம்பரத்தைத் தாமே தொடுவதும், குடும்பத்தாரையோ வாட்ஸ்அப் குழுவினரையோ தொடச் சொல்வதும் கணக்கை முடக்கிவிடும். வாசகரிடம் ஆதரவு கேட்டு விளம்பரத்தைச் சுட்டிக்காட்டும் வாசகம்கூடக் கூடாது. பெட்டியின் மேல் தலைப்பிட விரும்பினால், விளம்பரம் என்ற பொருளுக்கு மேல் எதையும் எழுதாதீர்கள். செல்லாத கிளிக் என்று பின்னால் கண்டறியப்படுபவற்றுக்கான தொகை மாத முடிவில் கழிக்கப்படும் என்பதால், அன்றாடம் திரையில் தெரியும் தொகை இறுதியானதன்று.

வருமானம் 10 டாலரை எட்டியதும் முகவரிச் சரிபார்ப்புத் தொடங்குகிறது. ஆறு இலக்க எண் அச்சிட்ட, உள்ளங்கையைச் சற்றே மீறும் ஒரு வெள்ளை அட்டை சாதாரணத் தபாலில் வரும். பதிவுத் தபால் அல்லாததால் எங்கே வருகிறது என்று பின்தொடர வழியில்லை. வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். சென்னையில் பழைய எண், புதிய எண் இரண்டையும், சிற்றூர் என்றால் அஞ்சல் நிலையத்தின் பெயரையும் பின்கோடையும் முகவரியில் சேர்ப்பதோடு, தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதும் பலன் தரும். நான்கு மாதங்களுக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். மூன்று முறை தவறாகப் பதிந்தாலும் அதே நிலைதான்.

இருப்பு 100 டாலரை எட்டிய மாதத்துக்கு அடுத்த மாதம், 21 முதல் 26ஆம் தேதிக்குள் பணம் அனுப்பப்படும். எட்டாவிட்டால் தொகை அப்படியே அடுத்த மாதத்துடன் சேரும். இந்தியாவில் இது வெளிநாட்டுப் பணப்பரிமாற்றமாக வங்கிக்கு வருவதால், உங்கள் கிளைக்குரிய ஸ்விஃப்ட் கோடு (வெளிநாட்டுப் பணம் எந்த வங்கிக்குச் சேர வேண்டும் என்பதைக் காட்டும் குறியீடு) தேவை. சிறிய கிளைகளுக்குத் தனிக் கோடு இருக்காது. எந்தக் கிளையின் கோடைத் தர வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளவும். முதல் முறை பணம் வரும்போது, எதற்காக வந்தது என்பதைக் காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்கலாம். விளம்பர வருமானம் என்று தெரிவித்தால் போதும். வங்கி தரும் வரவுச் சான்றை மாதந்தோறும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இத்தொகையை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். டொமைன், சர்வர், இணையக் கட்டணம் போன்ற செலவுகளின் ரசீது இருந்தால் தொழில் வருமானமாகக் காட்டும்போது அவற்றைக் கழிக்க இயலும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயை நெருங்கும் நிலை வந்தால், ஜிஎஸ்டி பதிவு குறித்து ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.