கிறிஸ்துமஸ் பரிசு: யாருக்கு என்ன வாங்கலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த டவுனில் டிசம்பர் பிறந்தால் கடை வாசலெல்லாம் பரிசு செட்டுகள்தான்: கோப்பை, துண்டு, பிஸ்கட் டின். கையில் அகப்பட்டதை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். பரிசைப் பெறப் போகிறவரின் ஒரு சாதாரண நாளை நினைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முதன்முறையாகத் திட்டமிட்டு வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: பெயரும் பணமும்

ஒரு தாளில் பெயர்களை எழுதி, பக்கத்தில் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று போடுங்கள். மழை பெய்யும் காலையில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுக்க, அதாவது பால்மரம் வெட்ட முடியாது, வருமானம் குறையும். அதனால் மொத்தத் தொகையை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிரித்துப் போடுங்கள். இந்த வருஷம் பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிக்கும் மட்டும் என்று குடும்பமாகப் பேசிக்கொண்டாலும் நல்லதுதான்.

படி 2: கவனியுங்கள்

எதை ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்? எதை அடிக்கடி இரவல் கேட்கிறார்? "அப்புறம் பார்க்கலாம்" என்று எதைத் தள்ளிப்போடுகிறார்?

அப்பா பால்மரம் வெட்டுகிறவர் என்றால் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். குளிர்ந்த அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். எடை குறைந்த, மழை தாங்கும், சார்ஜ் போடக்கூடிய தலைவிளக்கு அவருக்குத் தினமும் உதவும். ஆனால் வெட்டுக்கத்தியை நீங்களாக வாங்க வேண்டாம். அவர் கைக்கு எது சரி என்று அவருக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்குப் பானை சட்டி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது வீட்டுக்கு வாங்குவது. அவருக்கென்று, நாள் முழுக்க நின்றாலும் கால் வலிக்காத நல்ல செருப்பு வாங்கலாம். ரகசியமாக வாங்க வேண்டுமென்றால் அவருடைய பழைய செருப்பைத் தாளில் வைத்துக் கோடு போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

பிள்ளைகளுக்குப் பள்ளிப் பையைக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். எப்படியும் வாங்க வேண்டிய பொருள் அது. வரைகிற பிள்ளைக்கு வண்ணம், ஓடுகிற பிள்ளைக்குப் பந்து.

படி 3: தாத்தா பாட்டிக்குப் பழைய படம்

எனக்கு மிகவும் பிடித்த பரிசு இது. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீட்டு வாசலில் எடுத்த குடும்பப் படமோ கல்யாணப் படமோ ஒன்றாவது அலமாரியில் இருக்கும். போட்டோ கடையில் ஸ்கேன் செய்து, பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போடுங்கள். மூலப் படத்தை மறக்காமல் திரும்ப வாங்குங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். படத்தைச் சுற்றி அட்டை விளிம்பு வைத்து, கண்ணாடி படத்தைத் தொடாதபடி செய்யச் சொல்லுங்கள். பழைய படம் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம். படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பாட்டியிடம் ஏதாவது சாக்குச் சொல்லி முன்பே கேட்டு, சட்டத்தின் பின்புறம் எழுதிவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் அது உதவும்.

படி 4: பக்கத்து வீடுகள்

தீபாவளிக்கும் பெருநாளுக்கும் பலகாரம் வந்த வீடுகளுக்கு நாமும் அனுப்ப வேண்டும். மலாய்க்காரர் வீட்டுக்கு ஹலால் முத்திரை உள்ளதை வாங்குங்கள். பழக் கேக்கில் ரம் சேர்ப்பதுண்டு, கேட்டுவிடுவது நல்லது. டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும், ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு முட்டை இல்லாத கேக்கோ பழக்கூடையோ பொருத்தம்.

படி 5: வாங்குவதும் கொடுப்பதும்

இணையத்தில் வாங்குவதென்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஆர்டர் செய்யுங்கள். லயன் வீட்டு முகவரி டெலிவரிக்காரருக்குப் பிடிபடாது என்றால், டவுனில் தெரிந்த கடை முகவரியைக் கேட்டுக் கொடுக்கலாம். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மின்சாரப் பொருள் வாங்கினால் அங்கேயே போட்டுப் பாருங்கள்.

விலைச் சீட்டைக் கிழித்துவிட்டு, உங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதி வையுங்கள். "காலையில் இருட்டில் போகிறீர்களே அப்பா, அதற்காக" என்பது போதும். கடைப் பில்லை மட்டும் ஜனவரி வரை பத்திரமாக வைத்திருங்கள். செருப்பு அளவு சேரவில்லை என்றால் மாற்றத் தேவைப்படும்.