உழவாரனா, தகைவிலானா? மொட்டை மாடியிலிருந்தே கண்டுபிடிக்கலாம்

சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போங்கள். பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தலைக்கு மேலே சர்ரென்று சுற்றும் சின்னப் பறவைகளில் இரண்டு குடும்பங்கள் கலந்திருக்கலாம்: உழவாரன், தகைவிலான். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் நெருங்கிய சொந்தம் இல்லை. பறந்துகொண்டே பூச்சி பிடிக்கும் பிழைப்புதான் இரண்டுக்கும் ஒரே மாதிரி உடம்பைக் கொடுத்திருக்கிறது.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எடுத்த எடுப்பிலேயே நிறத்தைத் தேடாதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும்.

படி 1: உட்காருகிறதா?

கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை. உழவாரனின் கால்கள் மிகச் சிறியவை. சுவரையோ ஓலையையோ நகங்களால் பற்றித் தொங்கத்தான் அவை உதவும், கம்பியில் அமர உதவாது. இந்த ஒரு படியே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

படி 2: இறக்கை

உழவாரனின் இறக்கை கதிர் அரிவாள் போல ஒரே வளைவு, விறைப்பாக இருக்கும். படபடவென வேகமாக அடிக்கும், அப்புறம் அசையாமல் வழுக்கிக்கொண்டு போகும். தகைவிலான் இறக்கையை நடுவில் மடக்கி, நிதானமாக அடிக்கும். வயலுக்கும் குளத்துக்கும் மேலே தாழ்வாக வந்து சட்டென்று திரும்பும். எனக்கு இது பிடிபட நாள் ஆனது. ஒரே பறவையை விடாமல் ஒரு நிமிடம் கண்ணால் தொடர்ந்து பாருங்கள், அதுதான் சரியான பயிற்சி.

படி 3: எந்த வகை?

பனைமரங்களைச் சுற்றி ஒல்லியாக, ஊசி வாலோடு பறப்பது பனை உழவாரன். தொங்கும் பனையோலையின் அடியில் இறகுகளை எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். பனை போனால் அதன் வீடும் போயிற்று, அதனால்தான் பனையை வெட்டும்போது எனக்கு மனசு பதறுகிறது. கோபுரம், பழைய மண்டபம், பாலத்தடி என்று கூட்டமாகக் கீச்சிடுவது நாட்டு உழவாரன். திரும்பும்போது வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை மின்னும். பழைய புத்தகங்களில் 'ஹவுஸ் ஸ்விஃப்ட்' என்றும் இப்போதைய பட்டியல்களில் 'லிட்டில் ஸ்விஃப்ட்' என்றும் இருப்பது இதுதான்.

தகைவிலான்களில், தொண்டை செம்பழுப்பாக, மேலே கருநீலப் பளபளப்போடு இருப்பது வடக்கிலிருந்து வலசை வரும் சாதாரணத் தகைவிலான். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை தேடுங்கள். இளம் பறவைக்கு வால் நீட்டம் குறைவு என்பதால் வாலை மட்டும் நம்ப வேண்டாம். வயிறு தூய வெள்ளை, உச்சந்தலை செம்பழுப்பு, வாலில் இரண்டு மெல்லிய கம்பிகள் என்றால் கம்பிவால் தகைவிலான். இது தண்ணீர்ப் பக்கத்தை விட்டு அதிகம் விலகாது.

ஒரு பொறி

சாம்பல் தகைவிலான் என்று ஒன்று உண்டு. பனை உச்சியிலும் கம்பியிலும் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருக்கும். பெயர்தான் தகைவிலான், குடும்பம் வேறு. தடித்த நீலச்சாம்பல் அலகைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பனை வரிசையும் கரண்டுக் கம்பியும் உள்ள ஏரிக்கரை பக்கத்தில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கேயே தொடங்குங்கள்.