நாய்க்குச் சீப்பும் ஷாம்பும் வாங்கும் முன் வகிடு எடுத்துப் பாருங்கள்

என் நாய் பஞ்சு வீட்டுக்கு வந்த முதல் வருடத்தில் அவனுக்காக நான் வாங்கியவற்றை அடுக்கினால் ஒரு அலமாரித் தட்டு நிறையும். மூன்று ஷாம்பு, இரண்டு பிரஷ், முடி பளபளக்க ஒரு ஸ்ப்ரே, எதற்கென்றே இன்றுவரை புரியாத ஒரு ரப்பர் கையுறை. எல்லாம் வாசனையை முகர்ந்தும், அட்டையில் இருந்த நாய் இவனைப் போலவே இருக்கிறதே என்று மயங்கியும் வாங்கியவை. தினமும் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து வாருவேன். வாரி முடித்ததும் பஞ்சுப்பொதி போலப் பொங்கி நிற்பான், எனக்கும் பெருமையாக இருக்கும்.

ஒரு நாள் முடி திருத்தக் கூட்டிப்போனேன். அங்கிருந்த அக்கா பிரஷ்ஷைத் தொடவே இல்லை. ஒரு ஸ்டீல் சீப்பை எடுத்து, காதுக்குப் பின்னால் தோல்வரை இறக்கி இழுத்தார். அரை அங்குலம்கூட நகரவில்லை. "நீங்க மேல மட்டும்தான் வாருறீங்க, அடியில எல்லாம் கம்பளியா கிடக்கு" என்றார். முடி வெட்டும் மெஷின் போட்டபோது அந்தச் சடை முடி முடியாக உதிரவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரே தகடாக, பழைய கம்பளித் துண்டு மாதிரி உரிந்து வந்தது. அடியில் தோல் சிவந்திருந்தது, ஈர வாடை வேறு.

அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். நகம், காது, பல் எதுவும் இதில் இல்லை. குளிப்பாட்டுவது எப்படி என்றும் சொல்லப்போவதில்லை. எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது, அவ்வளவுதான்.

படி 1: எந்த இனம் என்பதை மறந்துவிட்டு முடியைப் பாருங்கள்

கடையில் முதலில் கேட்பது "என்ன பிரீட்?" என்றுதான். அது பாதி பதில்தான். டாக்ஸ்ஹண்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: வழவழப்பான குட்டை முடி, நீள முடி, கம்பி மாதிரி விறைத்த முடி என்று மூன்று வகையிலும் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பிரஷ் எப்படிச் சரிப்படும்? கலப்பின நாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

நல்ல வெளிச்சத்தில் நாயைப் படுக்கவைத்து, தொடையின் பின்பக்கத்தில் இரண்டு கையாலும் முடியைப் பிரித்து, தலைக்கு வகிடு எடுப்பது போலத் தோல் தெரியும்வரை ஒரு கோடு எடுங்கள். முதுகில் பார்க்காதீர்கள், முதுகு எப்போதுமே ஏமாற்றும். நாய்க்குப் பெரும்பாலும் ஒரே துளையிலிருந்து ஒரு தடித்த முடியும் அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் முளைக்கின்றன. அந்த மெல்லிய அடிமுடி எவ்வளவு அடர்த்தி என்பதைத்தான் தேடுகிறோம்.

வகிடு சட்டென்று விழுந்து தோல் பளிச்சென்று தெரிந்தால் அடிமுடி இல்லை, அல்லது கொஞ்சம்தான். பாக்ஸர், டாபர்மேன் குட்டை முடியில் இப்படி. மால்டீஸ், யார்க்‌ஷயர் டெரியர் நீளப் பட்டு முடியில் இப்படி. வகிடு எடுக்க எடுக்க நிறம் வெளிறிய பஞ்சு போன்ற முடி குறுக்கே வந்து மூடினால் அது இரட்டை அடுக்கு: ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், பாமரேனியன். லாப்ரடாரும் இந்தக் கூட்டம்தான். குட்டை முடி என்று நினைத்து வாங்கிவிட்டு வீடெல்லாம் முடி பறக்கிறது என்று புலம்புபவர்கள் முக்கால்வாசிப் பேர் லாப்ரடார் வைத்திருப்பவர்கள்! பூடில், பிஷோன் மாதிரி சுருள் முடியில் வகிடே நிற்காது. உதிரும் முடி தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அதனால் "இது முடி கொட்டாத நாய், வேலை குறைவு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொட்டால் தேங்காய் நார் போலச் சொரசொரப்பாக இருந்தால் கம்பி முடி, ஷ்னாஸர் இந்த வகை.

படி 2: முதலில் ஒரு சீப்பு

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்டீல் சீப்பு வாங்குங்கள். ஒரு பாதி பல் அகலமாகவும் மறுபாதி நெருக்கமாகவும் இருக்கும் சாதாரணச் சீப்பு. பிளாஸ்டிக் வேண்டாம், வளைந்து கொடுத்துவிடும், சிக்கு இருப்பதே கைக்குத் தெரியாது. இது வாருவதற்கு என்பதைவிட, வாரியது சரியா என்று பார்ப்பதற்குத்தான்.

அடிமுடி இல்லாத குட்டை முடிக்கு ரப்பர் பிரஷ் போதும். (ஆமாம், அந்தக் கையுறை இதற்குத்தானாம். பஞ்சுவுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.) இரட்டை அடுக்குக்கு, வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக உள்ள ஸ்லிக்கர் பிரஷ்ஷும், முடி கொட்டும் பருவத்தில் பல் நீண்ட அடிமுடி வாரியும் வேண்டும். நீளப் பட்டு முடிக்கு, குண்டூசி மாதிரி நேரான கம்பிகள் உள்ள, நுனியில் குமிழ் இல்லாத 'பின்' பிரஷ் என் விருப்பம். குமிழ் வைத்தது பார்க்க மென்மையாகத் தெரியும், ஆனால் அந்தக் குமிழிலேயே முடி மாட்டி அறுகிறது. சுருள் முடிக்கு ஸ்லிக்கரும் சீப்பும், வேறு வழியில்லை.

முடி கொட்டுவதைக் குறைக்கும் என்று விற்கும் பிளேடு வைத்த கருவியைப் பற்றி என் அபிப்பிராயம்: இரண்டு இழுப்பில் ஒரு குவியல் முடி வரும், அதைப் பார்க்கிற சுகத்திலேயே கை நிற்காது. அளவு மீறினால் அது மேல்முடியையும் சேர்த்து அறுக்கும். சுருள் முடிக்கும் பட்டு முடிக்கும் அதை எடுக்கவே எடுக்காதீர்கள். நான் வாங்கியதை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம்

பிரஷ் சரியானதுதான், தினமும் வாரினேன், பிறகு ஏன் சடை பிடித்தது? மேலிருந்து கீழே வாரினேன், அதனால்தான். ஸ்லிக்கரின் கம்பி ஒரு அங்குலம்கூட இருக்காது. பொங்கி நிற்கும் முடியின் மேல் அதை வைத்து இழுத்தால் மேல் அடுக்கு மட்டும் நேராகும், அடிமுடி அப்படியே கிடக்கும். அதோடு குளிப்பாட்டினால் இன்னும் இறுகும்.

சரியான முறை இது. நாயை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, காலின் கீழ்ப்பகுதியில் தொடங்குங்கள். இடது கையால் முடி முழுவதையும் மேல்நோக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் முடியை விடுங்கள். தோல் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டிலிருந்து வெளிநோக்கி வாருங்கள். சீப்பு தடங்கலில்லாமல் ஓடிய பிறகு, இடது கையிலிருந்து இன்னொரு விரல் அகலம் முடியை விடுங்கள். மறுபடி கோடு, மறுபடி வாரல். இப்படியே அடுக்கடுக்காக முதுகுவரை. முதல் தடவை எனக்கு ஒரு பின்னங்காலுக்கே அரை மணி நேரம் ஆனது, பஞ்சு நடுவில் தூங்கிவிட்டான். இப்போது வாரம் இரண்டு தடவை, முழு உடம்புக்கும் முக்கால் மணி நேரம்.

காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம், வாலின் அடி, தொடை இடுக்கு: இந்த ஐந்து இடத்தையும் விட்டுவிட்டு வேறு எங்கே வாரினாலும் அது அலங்காரம்தான். அதே சமயம் ஸ்லிக்கரை அழுத்தித் தேய்க்கக் கூடாது, தோல் கன்றிப்போகும். உங்கள் முன்கையில் தேய்த்துப் பாருங்கள், உங்களுக்கு எரிந்தால் அவனுக்கும் எரியும்.

சடை ஏற்கனவே விழுந்துவிட்டதா? கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். சடை இறுகும்போது தோலையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு வந்திருக்கும், எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. சின்னச் சிக்கு என்றால் அடியைக் கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரலாலேயே பிரித்துப் பிரித்துக் கொண்டுவரலாம். தகடாகி இருந்தால் மெஷின்தான், அதுவும் பழகிய கை.

படி 4: ஷாம்பு

நம்முடைய ஷாம்புவையே போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, நமக்கு 10 முதல் 15 செல் அடுக்கு என்றால் அதற்கு 3 முதல் 5 அடுக்குதான். நம் தோலின் பிஎச் அளவு 5.5-ஐ ஒட்டி அமிலப் பக்கம், நாயினுடையது நடுநிலையான 7-க்குப் பக்கத்தில். ஒரு தடவை போட்டதால் எதுவும் ஆகிவிடாது, வாராவாரம் போட்டால் தோல் வறண்டு பொடுகும் அரிப்பும் வரும்.

சீப்பு முடிக்கு, ஷாம்பு தோலுக்கு. தோலில் தொந்தரவு இல்லாவிட்டால் வாசனை குறைந்த சாதாரண நாய் ஷாம்பு போதும். வறட்சி, லேசான அரிப்பு என்றால் ஓட்ஸ் கலந்தது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த மருந்து ஷாம்புவை, மருத்துவர் சொல்லாமல் "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்காதீர்கள். அவர் சொல்லி வாங்கினால், நுரையைப் பொதுவாக 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். உடனே அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் வேலை செய்யும். அந்தப் பத்து நிமிடம் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு கதை.

அடர்ந்த அடிமுடிக்கு ஷாம்புவை நேராக ஊற்றாமல், பாட்டிலில் சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள், தோல்வரை இறங்கும். அலசும் நேரம் தேய்த்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு. பஞ்சு குளித்த மறுநாளே சொறிந்துகொண்டிருந்ததற்கு, ஷாம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இரண்டு பாட்டில் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் நான் சரியாக அலசவில்லை.

படி 5: கண்டிஷனர், ஸ்ப்ரே

நீள முடிக்கும் சுருள் முடிக்கும் கண்டிஷனர் வீண்செலவு இல்லை, சிக்கு நிஜமாகவே குறைகிறது. குட்டை முடிக்கு வேண்டாம். கம்பி முடிக்குப் போடவே கூடாது, அந்த விறைப்புதான் அதன் அழகும் காப்பும், கண்டிஷனர் அதைத் தளரவைத்துவிடும். நாய் தன் உடம்பை நக்கும் என்பதை மறக்காமல், ஸ்ப்ரேயின் பின்பக்கம் படியுங்கள். ஸைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள், அது நாய்க்கு விஷம்.

படி 6: காயவைப்பது

இரட்டை அடுக்கில் மேல்முடி காய்ந்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். அடியில் ஈரம் தங்கினால், அரித்து, நக்கி நக்கி, ஒரே நாளில் சிவந்து நீர் கசியும் புண்ணாகிவிடும். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் வாரியதெல்லாம் மறுபடி சிக்கு. டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து, அதே வகிடு முறையில் கோடு கோடாகக் காட்டுங்கள். கடைசியாக அந்த ஸ்டீல் சீப்பைக் காதுக்குப் பின்னால் இறக்கிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1: பூனைக்கும் இதுவேதானா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். சீப்பும் வகிடும் சரி, பாரசீகப் பூனைக்கு அப்படியே பொருந்தும். நாயின் ஷாம்புவையும் மருந்தையும் மட்டும் பூனைக்குக் கொண்டுபோகாதீர்கள். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனையின் உயிரையே எடுக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால், மருந்து போட்ட நாயோடு பூனை உரசிப் படுப்பதும் ஆபத்து. "இயற்கையானது" என்று எழுதியிருக்கும் டீ ட்ரீ எண்ணெயும் பூனைக்கு ஆகாது, நாய்க்கும் நான் போடமாட்டேன்.

பின்சேர்க்கை 2: வெயிலுக்கு மொட்டையடித்துவிடலாமா? இரட்டை அடுக்கு நாய்க்கு வேண்டாம். மேல்முடிதான் வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. ஒட்ட வழித்தால் சில நாய்களுக்கு மாதக்கணக்கில் முடி திரும்ப வளராது, வளர்ந்தாலும் திட்டுத்திட்டாக வரும். பஞ்சுவுக்கு வழித்த இடத்தில் முன்பிருந்த மாதிரி வர கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. அடிமுடியை வாரி எடுத்துவிட்டாலே காற்று உள்ளே போகும்.

பின்சேர்க்கை 3: பூடில் குட்டி வைத்திருக்கும் ஒருவர், எட்டு மாதம்வரை சிக்கே இல்லை, திடீரென்று தினமும் சடை விழுகிறது, ஷாம்புவை மாற்றலாமா என்று கேட்டிருந்தார். ஷாம்புவை விட்டுவிடுங்கள். குட்டி முடி போய் பெரிய நாயின் முடி வரும் பருவம் இது, இரண்டும் கலந்து கிடக்கும்போது சிக்கு விழத்தான் செய்யும். சில மாதத்துக்குத் தினமும் வகிடு எடுத்து வார வேண்டியிருக்கும். காய்ந்த முடியில் அப்படியே வாராமல், ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரோடு சில சொட்டு கண்டிஷனர் கலந்து, லேசாகப் பனித்த மாதிரி அடித்துக்கொண்டு வாருங்கள், முடி அறுவது குறையும்.