விடிகாலை மூணு மணி விழிப்பு: மாதவிலக்கு நிற்கும் வயதில் கார்டிசாலைக் கையாள்வது எப்படி

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண், விடிகாலை மூணு மணிக்குக் கழுத்து முதுகெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருகிறாள். சொன்னால், "எதையோ மனசுல போட்டு உழப்பிக்கிற" என்பார்கள் வீட்டில். அது பாதிதான் சரி.

சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும், உடம்பை விழிக்க வைக்கும் ஹார்மோன்தான் கார்டிசால். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் கிடக்கும். பின்னிரவில் ஏற ஆரம்பித்து, எழுந்த முக்கால் மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போகும். மாதவிலக்கு நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதி தொட்டாற்சிணுங்கி ஆகிவிடுகிறது. கொஞ்சம் சூடு கூடினாலும் குப்பென்று வேர்க்க வைக்கும். இதைத்தான் வெக்கை என்கிறோம். அந்த வேர்வையில் தூக்கம் கலைந்தால், ஏறிக்கொண்டிருக்கும் கார்டிசால் மறுபடி கண்ணயர விடாது. தூக்கம் கெட்டால் மறுநாள் மாலை கார்டிசால் சரியாக இறங்குவதுமில்லை. சுகர் ஏறுவதிலும் வயிற்றில் சதை போடுவதிலும் இதற்குப் பங்குண்டு.

முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வெக்கை வந்த நேரம், அதற்கு முன் செய்த வேலை, குடித்த டீ, தூங்கி எழுந்த நேரம். "ராத்திரி 7.40, களி கிண்டும்போது" என்று நாலு நாள் வந்தால், காரணம் கவலை அல்ல, அடுப்பு. அந்த வேலையை வெயில் ஏறுவதற்கு முன் முடித்துக்கொள்ளலாம், அல்லது கட்டையை வேறு யாராவது பிடிக்கட்டும் (வீட்டு ஆண்களுக்கும் கை உண்டு).

டீ, காபி மதியம் இரண்டு மணியோடு சரி. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ராத்திரி களி உருண்டையைப் பாதியாக்கிக் கீரைக் கடைசலைக் கூட்டினால் சுகர் நிதானமாக ஏறும். ராகியை விட்டுவிட வேண்டாம். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போனபின் எலும்புக்கு அது தேவை.

மூணு மணிக்கு விழித்தால் செல்போனைத் தொடாதீர்கள், மணியும் பார்க்காதீர்கள். போர்வையை விலக்கி, மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள், ஐந்து நிமிஷம். வெக்கையை இது நிறுத்தாது, படபடப்பைத் தணிக்கும். விடிந்ததும் வெயிலில் அரை மணி நடங்கள். ஓசூர் கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கே தலைகீழ். வீடு திரும்பியதும் ஜன்னலை மூடி அறையை இருட்டாக்குவதுதான் அவர்களுக்கு முதல் வேலை.

லேபில் "கார்டிசால் டெஸ்ட்" எடுக்கப் பணம் கொடுக்காதீர்கள். நேரத்துக்கு நேரம் மாறும் ஒன்றை ஒரு தடவை அளந்து என்ன பயன்? அதைவிட தைராய்டு, ஹீமோகுளோபின், சுகர், பிரஷர் பார்ப்பது மேல். தைராய்டு குறைந்தாலும் இதே அலுப்பும் சதையும் வரும். 2021-ல் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் சுகரும் பிரஷரும் வீட்டிலேயே பார்ப்பார்கள். அந்த எண்களையும் நோட்டில் ஏற்றுங்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் மூட்டுவலியை மட்டும் மாதவிலக்கு கணக்கில் எழுதிவிடக் கூடாது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடும் மூட்டையும் முதுகையும் இறுக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரையே பிடியுங்கள். வலிக்கென்று பேர் தெரியாத பொடி வாங்கித் தின்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது கார்டிசாலின் வேலையையே செய்யும்: முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு கரையும். மாசக்கணக்கில் தின்றவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும், மயக்கம்போட்டு விழலாம்; பொடியையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

மாதவிலக்கு நின்று 12 மாதம் முழுசாக ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அந்த வாரமே அரசு ஆஸ்பத்திரியில் மகப்பேறு டாக்டரிடம் காட்டுங்கள்.